எல்ஏ-2ஏ, 1176, பல்டெக்: பிளக்-இன்களோடு ஆறு வருடம்

பழைய ஸ்டுடியோக் கருவிகளின் ஒலியை அப்படியே கணினிக்குள் கொண்டுவருவதாகச் சொல்லி விற்கிறார்களே, பிளக்-இன் என்ற சிறு மென்பொருள்கள், அவற்றை நான் வாங்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் நாற்பதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு மிக்ஸ் செய்ய, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைக் கலந்து ஒரே பாட்டாக்க, உட்கார்ந்தால் கை போவது மூன்றுக்குத்தான். அந்த மூன்றையும்கூட முதல் இரண்டு வருடம் தப்பாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலில் எல்ஏ-2ஏ. 1960-களில் டெலட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த வால்வு கம்ப்ரஸர், அதாவது எகிறும் சத்தத்தைத் தானாகவே அடக்கும் கருவி. உள்ளே ஒளிரும் தகடு ஒன்று, அதற்கு எதிரே வெளிச்சத்தை உணரும் மின்தடை ஒன்று. சத்தம் கூடினால் தகடு பிரகாசமாகும், மின்தடை குறையும், சத்தம் அடங்கும். அழகே அதற்குப் பிறகுதான். வெளிச்சம் போனதும் மின்தடை உடனே பழைய நிலைக்கு வராது. பாதி தூரம் சுமார் 60 மில்லி விநாடியில் வந்துவிடும். மீதிக்கு அரை விநாடியும் ஆகலாம், ஐந்து விநாடியும் ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அமுக்கினோம் என்பதைப் பொறுத்தது அது. பாடுகிறவர் பல்லவியின் கடைசி எழுத்தை நீட்டி நிறுத்திவிட்டு மூச்சு இழுக்கும் இடத்தில் இதைக் கேட்கலாம். சாதாரண கம்ப்ரஸரில் அந்த மூச்சு காதுக்குள் வந்து விழும். இதில் பின்னாலேயே நின்றுவிடும்.

எல்லா எல்ஏ-2ஏ பிளக்-இன்களும் இதைச் செய்கின்றனவா என்றால், இல்லை. நான் செய்யும் சோதனை எளிது: பலமான ஒரு சத்தத்தை ஒரு விநாடி கொடுத்து, சட்டென்று குறைத்து, மீட்டரின் முள் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பேன். அதையே பத்து விநாடி கொடுத்து மறுபடி பார்ப்பேன். இரண்டு முறையும் முள் ஒரே மாதிரி திரும்பினால் அந்தப் பிளக்-இன் முகப்புப் படத்தை மட்டும்தான் காப்பியடித்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒன்று இதில் தோற்றது.

1176-ல் என் கதை இன்னும் கேவலம். ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1967-ல் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் கம்ப்ரஸர் அது. அதன் அட்டாக் (சத்தத்தைப் பிடிக்கும் வேகம்), ரிலீஸ் (விடும் வேகம்) இரண்டும் தலைகீழ்: வலது கோடிக்குத் திருப்பினால்தான் அதிவேகம். இது தெரியாமல் பல மாதம் எதிர்ப்பக்கமே திருகிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. அதன் அட்டாக் 20 மைக்ரோ விநாடியிலிருந்து 800 மைக்ரோ விநாடி வரைதான். அதாவது ஆக மெதுவாக வைத்தாலும் ஒரு மில்லி விநாடிக்குள் பிடித்துவிடும். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் அடியின் கூர்மை இதில் மழுங்கத்தான் செய்யும். அதனால் அசல் டிராக்கைத் தொடாமல், நகல் ஒன்றை எடுத்து இதில் நசுக்கி, அடியில் லேசாகக் கலந்துகொள்கிறேன்.

மூன்றாவது பல்டெக். அது ஈக்யூ, அதாவது ஒலியில் வேண்டிய அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி. அதில் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஒரு நாப், இறக்க ஒரு நாப். இரண்டையும் 60 ஹெர்ட்ஸில் சேர்த்தே திருப்பலாம். ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் இரண்டின் வளைவும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அடியில் கனம் கூடும், அதற்கு மேலே மந்தமாக இருக்கும் பகுதி குறையும். மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியின் கும்காரத்துக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

இத்தனை நாள் தப்பாகப் பயன்படுத்தியதில் பெரிய தப்பு லெவல், அதாவது பிளக்-இன்னுக்குள் அனுப்பும் ஒலியின் அளவு. இந்த வகைப் பிளக்-இன்கள் பலவற்றில் மீட்டரின் பூஜ்யம் என்பது டிஜிட்டலில் மைனஸ் 18 டெசிபல். நானோ மைனஸ் 8, 9 என்று அதைவிட அதிகமாக நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். எல்லாம் கரகரத்தது. ‘டிஜிட்டல் டிஜிட்டல்தான்’ என்று பிளக்-இன்னைத் திட்டினேன். முன்னால் ஒரு கெய்ன் (ஒலியளவை ஏற்றி இறக்கும் பிளக்-இன்) போட்டு இறக்கியதும் அதே பிளக்-இன் வேறு ஆளாகிவிட்டது. அப்புறம் வெளியே வரும் லெவலையும் சமன் செய்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஒரு டெசிபல் கூடினாலே காது ‘ஆஹா’ என்றுவிடும். சமன் செய்து கேட்டபோது, நான் கொண்டாடிய ஐந்தாறு பிளக்-இன்களுக்கு வேலையே இல்லை என்று தெரிந்தது.

இரைச்சல் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டை முடித்து அனுப்பினேன். ‘பாட்டு தொடங்கும் முன்னால் ஃபேன் ஓடுகிறதே’ என்று பதில் வந்தது. ஃபேனை நிறுத்தி, கேபிள் மாற்றி, எர்த்தைப் பார்த்து, ஒரு நாள் போனது. கடைசியில் பார்த்தால் ஒரு பிளக்-இன்னில் மின்சார இரைச்சலையும் தத்ரூபமாகச் சேர்க்கும் பொத்தான் ஒன்று, திறக்கும்போதே ஆன் ஆகி இருக்கிறது. நான் அதை 24 டிராக்கில் போட்டிருந்தேன். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எதை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அனலாக் அப்செஷன் என்ற பெயரில் வரும் இலவசப் பிளக்-இன்களை முதலில் போட்டுப் பார்க்கலாம். எல்ஏ-2ஏ வகைக்கு அவர்கள் வைத்த பெயர் லாலா. நமக்கு அல்வாக் கடைதான் ஞாபகம் வரும். ஆனால் வேலை சுத்தம்.

போன மாதம் உட்கார்ந்து மீதி எல்லாவற்றையும் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன், ஃபேர்சைல்ட் 670 என்ற இன்னொரு பழைய வால்வு கம்ப்ரஸரின் பிளக்-இன் ஒன்றைத் தவிர. அசல் கருவியில் 20 வால்வு, எடை சுமார் 30 கிலோ. பிளக்-இன்னை நான் பயன்படுத்தியது மொத்தம் இரண்டு தடவை இருக்கும். படம் அவ்வளவு அழகு, எடுக்க மனசு வரவில்லை.