ஒரே ஆறு, இரண்டு முதலைகள்: 'பிளாக் வாட்டர்', 'ரோக்', கூடவே இரண்டு கடல் படங்கள்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வின் நகருக்குத் தென்மேற்கே ஓடுகிறது ஃபினிஸ் ஆறு. 1970களில் அங்கே ஓர் ஆண் உவர்நீர் முதலை மீன்பிடிப் படகுகளைப் படாதபாடு படுத்தியது. பெரும்பாலும் மோட்டாரைத்தான் கடிக்கும். மனிதர் யாரையும் கொன்றதில்லை. மோட்டார் சத்தத்தை எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் முதலையின் உறுமலாக எடுத்துக்கொண்டது என்பார்கள். ஊர் அதற்கு வைத்த பெயர் 'ஸ்வீட்ஹார்ட்'. 5.1 மீட்டர் நீளம், 780 கிலோ எடை. 1979இல் மயக்க மருந்து கொடுத்து இழுத்து வரும்போது, நீருக்குள் கிடந்த மரத்தில் சிக்கி மூச்சு முட்டி இறந்தது. பாடம் செய்த உடல் டார்வின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2003 டிசம்பரில் அதே ஆற்றில் மூன்று இளைஞர்கள் குவாட் பைக் (நாலு சக்கர மோட்டார் வண்டி) ஓட்டிய சேற்றைக் கழுவ இறங்கினார்கள். ஒருவரை வெள்ளம் இழுக்க, மற்ற இருவரும் பின்னால் நீந்த, முதலை ஒருவரைக் கொண்டுபோயிற்று. மிஞ்சிய இருவரும் மரத்தில் ஏறி, மீட்பு வரும்வரை ஏறக்குறைய 22 மணி நேரம் கிளையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

படகைத் தாக்கும் முதலையிலிருந்து 'ரோக்' வந்தது. மரத்தில் தொற்றிய இருவரிடமிருந்து 'பிளாக் வாட்டர்' வந்தது. இரண்டுமே 2007ஆம் ஆண்டுப் படங்கள். 'ரோக்'கின் செலவு சுமார் 2.6 கோடி அமெரிக்க டாலர். 'பிளாக் வாட்டரின்' செலவு பத்து லட்சம் டாலரைத் தொடவில்லை. இப்படி அக்கம்பக்கம் வைத்துப் பார்க்க வாகான ஜோடி, மிருகத்திடம் மாட்டிக்கொள்வோர் பற்றிய திகில் படங்களில் வேறில்லை. (இரண்டின் முடிவும் கீழே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

பொறி எப்படி மூடுகிறது என்பதைத்தான் இந்த வகைப் படத்தில் முதலில் கவனிக்க வேண்டும். மிருகம் எப்போது வருகிறது என்பது இரண்டாம்பட்சம். 'இவர்களை ஏன் யாரும் தேடி வரவில்லை?' என்ற கேள்விக்கு முதல் இருபது நிமிடத்தில் பதில் இல்லையென்றால், மிச்சப் படம் முழுக்க அந்தக் கேள்வி நம் காதுக்குள் குடைந்துகொண்டே இருக்கும்.

'பிளாக் வாட்டர்' இதை ஒரே காட்சியில் முடித்துவிடுகிறது. கிரேஸ், அவள் கணவன் ஆடம், தங்கை லீ மூவரும் மீன்பிடிச் சுற்றுலாவுக்கு வந்து சேர்வதற்குள் அன்றைய படகு கிளம்பிவிட்டது. கடையிலிருக்கும் ஜிம், 'நான் கூட்டிப்போகிறேன்' என்று ஒரு சின்னத் தகரப் படகை எடுக்கிறார். பதிவில் பெயர் இல்லை, போகும் இடம் யாருக்கும் தெரியாது. அலையாத்திக் காட்டுக்குள் படகு கவிழ்ந்து ஜிம் மறைந்த நொடியிலேயே தேடிவர யாரும் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

'ரோக்' இன்னும் நேர்த்தியான காரணம் வைத்திருக்கிறது. கேட் ஓட்டும் சுற்றுலாப் படகு திரும்பும் நேரத்தில், மேலாற்றில் ஓர் ஆபத்துச் சுடரொளி எழுகிறது. உதவிக்குப் போவது படகோட்டியின் கடமை. பயணிகளில் சிலர் முணுமுணுத்தாலும் கேட் திருப்புகிறாள். நல்லது செய்யப் போய் வழக்கமான பாதையை விட்டு விலகியாயிற்று. கீழிருந்து முதலை மோத, படகு சின்ன ஆற்றுத் தீவில் கரைதட்டுகிறது. அது ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்றம்) ஏறினால் மூழ்கும் தீவு. டார்வின் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் எட்டு மீட்டர் வரை போகும் என்பதால், ஏறும் நீர் வெறும் திரைக்கதைத் தந்திரம் அல்ல. ஆனால் கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் நிட்மிலுக் பள்ளத்தாக்கின் செம்பாறைச் சுவர்களையும் ஓதத் தீவையும் ஒரே ஆற்றில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தையல் தெரியும்.

ஆக, தொடக்கத்தில் 'ரோக்' ஒரு படி மேல். நடுப்பகுதியில் கதை மாறுகிறது.

'ரோக்'கில் சிறந்த பத்து நிமிடம் கயிற்றுக் காட்சி. தீவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவனான நீல் கயிற்றோடு எதிர்க்கரைக்கு நீந்திப் போய்க் கட்டிவிடுகிறான். கணக்குச் சரிதான்: ஒருவர் பின் ஒருவராகத் தொங்கி நகர்ந்தால் எல்லோரும் கரை சேரலாம். முதலில் ஏறும் பயணி மேரி எலன் பாதி வழியில் உறைந்துபோகிறாள், கை நகரவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, நீர் ஏறுகிறது. பின்னால் நிற்கும் எவரெட் பொறுக்கமாட்டாமல் மனைவியையும் மகளையும் அதே கயிற்றில் ஏற்றிவிடுகிறார். ஓர் ஆளுக்கென்று கட்டிய கயிற்றில் இத்தனை பேர். அது தாங்காமல் எல்லோரும் தண்ணீருக்குள் விழுகிறார்கள். இதில் முதலை செய்தது எதுவுமே இல்லை. அது நீலைக் கவ்வுவது அதற்குப் பிறகுதான். எவரெட் செய்ததை முட்டாள்தனம் என்று தள்ளவும் முடியாது. அந்த இடத்தில் குடும்பத்தோடு நிற்கும் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.

'பிளாக் வாட்டரில்' அப்படி ஒரு பெரிய திட்டமே கிடையாது. கிளையில் மூன்று பேர், சில மீட்டர் தள்ளிக் கவிழ்ந்து கிடக்கும் படகு, நடுவே காப்பித்தூள் நிறத்தில் தண்ணீர். இறங்கிப் படகை நிமிர்த்த வேண்டும், அவ்வளவே வேலை. ஆனால் உவர்நீர் முதலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீருக்கடியில் இருக்க முடியும். அரை மணி நேரம் நீர் அசையாமல் கிடந்ததால் அது போய்விட்டது என்று சொல்ல முடியாது. படத்தின் பயம் மொத்தமும் இந்த ஓர் உண்மையின் மேல் நிற்கிறது. ஆடம் காலை நீரில் வைக்கும்போது நாம் பார்ப்பது முதலையை அல்ல, சலனமில்லாத அந்தத் தண்ணீரைத்தான். இயக்குநர்கள் ஆண்ட்ரூ டிரௌக்கி, டேவிட் நெர்லிக் இருவரும் உண்மையான முதலைகளைத் தனியே படமெடுத்து, நடிகர்கள் இருக்கும் காட்சிச் சட்டகத்துக்குள் ஒட்டினார்கள். அதனால் முதலை திரையில் வரும் நேரம் குறைவு. வரும்போது அதன் கண் உண்மையான கண்.

'ரோக்'கின் முதலை கணினியில் உருவானது, சுமார் ஏழு மீட்டர். மெதுவாக நகரும்போது அருமையாக இருக்கிறது. கடைசிக் குகைக் காட்சியில் பாய்ந்து புரளத் தொடங்கியதும் எடை போய்விடுகிறது. 780 கிலோ ஸ்வீட்ஹார்ட்டைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு கனக்க வேண்டிய மிருகம், பூனையைப் போலத் திரும்புகிறது.

விலங்கியலில் இரண்டுமே கோட்டைவிடும் இடம் பசி. முதலை குளிர்இரத்தப் பிராணி. ஒரு பெரிய இரை கிடைத்தால் பல நாள் சும்மா கிடக்கும். ஒரே நாளில் வரிசையாக ஆள்பிடிக்காது. 'ரோக்' இதற்குச் சாமர்த்தியமாகப் பதில் வைக்கிறது: இது பசிக்காக அல்ல, எல்லையைக் காக்கத் தாக்குகிறது என்று படகோட்டி கேட் தானே சொல்லிவிடுகிறாள். ஸ்வீட்ஹார்ட்டின் கதையோடும் இது பொருந்துகிறது. ஆனால் அதே படம் பிறகு இரையை உலர்ந்த குகையில் கொண்டுபோய்ச் சேமிக்கும் முதலையைக் காட்டித் தன் காலைத் தானே வாரிக்கொள்கிறது. 'பிளாக் வாட்டர்' விளக்கமே சொல்வதில்லை; கடைசியில் ஜிம்மின் கைத்துப்பாக்கியை லீ கையில் கொடுத்து முடிக்கிறது. அதுவும் சற்று வசதியான முடிவுதான். என்றாலும் அதற்குள் அவள் இழந்ததைப் பார்த்தால் வெற்றி என்று தோன்றாது.

வசூலில் பெரிய படம்தான் அடிவாங்கியது. அமெரிக்காவில் 'ரோக்' பத்தே திரைகளில் வெளியாகிக் காணாமல் போனது. முந்தைய படத்தால் பெயர் பெற்றிருந்த அதன் இயக்குநர் கிரெக் மெக்லீனுக்கு இது அநியாயம் என்றே சொல்லலாம். சாம் வொர்திங்டனும் மியா வாசிகோவ்ஸ்காவும் பெரிய நட்சத்திரங்கள் ஆவதற்கு முன்பே இதில் இருக்கிறார்கள்.

இனி கடல். டிரௌக்கியே 2010இல் எடுத்த 'த ரீஃப்', அதற்கு முன் 2003இல் கிறிஸ் கென்டிஸ் எடுத்த 'ஓபன் வாட்டர்'. இரண்டுக்கும் பின்னால் கிரேட் பாரியர் ரீஃப் சம்பவங்கள் உண்டு. 1998 ஜனவரியில் அமெரிக்கத் தம்பதி ஒன்றை ஸ்கூபா படகு கடலிலேயே விட்டுவிட்டுத் திரும்பியது; இரண்டு நாள் கழித்து, படகில் கிடந்த அவர்களுடைய பையைப் பார்த்த பிறகே விஷயம் தெரிந்தது. அவர்கள் கிடைக்கவில்லை. 'ஓபன் வாட்டர்' அதைப் பஹாமாஸில் வைத்து எடுத்த படம்.

அதன் தலையெண்ணும் காட்சியைக் கவனமாகப் பாருங்கள். முக்குளிக்கும் கண்ணாடியை மறந்துவந்த ஒருவர் இறங்க முடியாமல் படகில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஜோடி சீக்கிரமே மேலே வருகிறது. ஊழியர் கோடு போட்டுக்கொள்கிறார். அந்தப் பெண்ணின் கண்ணாடியை வாங்கிக்கொண்டவரோடு, ஜோடியின் ஆண் மறுபடி இறங்குகிறார். திரும்பி ஏறும்போது மறுபடி கோடு. பட்டியலில் மொத்தப் பயணிகளின் கணக்கான 20 வந்துவிடுகிறது; கதையின் தம்பதி இன்னும் நீருக்குள் இருக்க, படகு கிளம்புகிறது. ஏறும் தலைகளை எண்ணினார்களே தவிர, பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கவில்லை. நிஜத்திலும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் குவீன்ஸ்லாந்தில் எண்ணிக்கை விதிகள் இறுகின. நான்கு படங்களிலும் மிகச் சுத்தமாக மூடும் பொறி இதுதான்.

சுறாக்களும் நிஜமானவை, மீன் துண்டு போட்டு வரவழைத்து, நடிகர்களை நடுவில் விட்டு எடுத்தார்கள். ஒன்றேகால் லட்சம் டாலர் அளவில் எடுத்த படம் உலகெங்கும் ஐந்து கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பலவீனமும் உண்டு. பொறி மூடிய பிறகு அந்த இருவருக்கும் செய்ய எதுவுமில்லை. காத்திருக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வாந்தி எடுக்கிறார்கள். 79 நிமிடத்தில் முடிவதால் தாங்குகிறது. மலிவான டிஜிட்டல் படப்பிடிப்பு சிலருக்கு உறுத்தும். இந்தக் கதைக்கு அது பொருத்தம்.

'த ரீஃப்' அந்தக் குறையைத் தீர்க்கிறது. அடிப்பாகம் கிழிந்து கவிழ்ந்த பாய்மரப் படகின் முதுகில் ஐந்து பேர். அது நீரோட்டத்தில் கரையை விட்டு விலகிப் போகிறது. பத்துப் பன்னிரண்டு மைல் வடக்கே ஒரு தீவு இருக்கும் என்கிறான் லூக். பத்து மைல் என்றாலே 16 கிலோமீட்டர். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நீந்தினால் எட்டு மணி நேரம், அதுவும் நீரோட்டம் எதிர்க்காவிட்டால். படகோடு இரு என்பதுதான் கடல் பாடம். ஆனால் படகு மூழ்கப்போகிறதென்றால்? அந்தக் கடலை நன்றாகத் தெரிந்த வாரன் வரமாட்டேன் என்று படகிலேயே தங்கிவிடுகிறார். நால்வர் இறங்குகிறார்கள். யார் சொன்னது சரி என்பதைப் படம் சொல்லித் தருவதில்லை.

இறங்கிய பிறகு லூக் மட்டும் கண்ணாடி மாட்டி அவ்வப்போது முகத்தை நீருக்குள் விடுகிறான். நீலம், வெறுமை. திரும்பிப் பார்க்கிறான், வெறுமை. மூன்றாம் முறை அந்த நீலத்தின் விளிம்பில் ஏதோ ஒரு சாம்பல் நிறம். இந்த ஒரு உத்தியை வைத்தே டிரௌக்கி பாதிப் படத்தை ஓட்டுகிறார். வெள்ளைச் சுறாக் காட்சிகள் தெற்கு ஆஸ்திரேலியாவில் எடுத்த நிஜக் காட்சிகள். கதைக்கு மூலமான 1983ஆம் ஆண்டு இறால் படகு விபத்தில் வந்தது புலிச்சுறா. வெப்பக்கடலுக்கு அதுதான் பொருத்தம். நிஜ வெள்ளைச் சுறாவைக் காட்டும் ஆசையில் இனத்தை மாற்றிவிட்டார்கள்.

ஓர் இரவுக்கு ஒன்றுதான் என்றால் 'த ரீஃப்'. முதலைதான் வேண்டுமென்றால் 'பிளாக் வாட்டர்', விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோனோடு. பாதிப் பயம் தண்ணீரின் ஒலியில் இருக்கிறது. நாலு பேர் கூடிப் பார்க்கும் நாளுக்கு 'ரோக்'. 'ஓபன் வாட்டர்' கடலில் இறங்கும் பழக்கம் உள்ளவர்களை மற்றவர்களைவிட இரு மடங்கு உலுக்கும்.

பிந்தைய பாகங்களில் தேடத் தக்கது ஒன்றே, 2006இல் வந்த 'ஓபன் வாட்டர் 2'. பெயரைத் தவிர முதல் படத்தோடு தொடர்பில்லை, துரத்தும் மிருகமும் இல்லை. உல்லாசப் படகிலிருந்து நண்பர்கள் எல்லோரும் குதித்த பிறகுதான் ஏணியை யாரும் இறக்கவில்லை என்று தெரிகிறது. நீச்சலுடைகளை முடிந்து கயிறாக்கி வீசுகிறார்கள். எட்டுகிறது, ஏறும்போது கிழிகிறது.