டிம் ஓப்ரையனோட "தி திங்ஸ் தே கேரீட்": வெட்கத்துக்குப் பயந்து போருக்குப் போனவங்க கதை

வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க சிப்பாய்ங்களைப் பத்தின இந்த சிறுகதை புக்கை வாங்குறவங்க தயவுசெஞ்சு முதல் கதையோட நிறுத்திடாதீங்க. அதுதான் ரொம்ப ஃபேமஸ், 1986லயே எஸ்குயர் பத்திரிகைல வந்துடுச்சு, நிறைய பேர் அதை மட்டும் படிச்சிட்டு ஓப்ரையனைப் படிச்சாச்சுன்னு வச்சிடுறாங்க. 1990ல வந்த முழு புக்ல 22 பகுதி இருக்கு, ஒரு கதைல நடந்த சாவு நாலு கதை தள்ளி இன்னொருத்தன் வாயால வேற மாதிரி திரும்ப வரும், அதனால வரிசையா படிச்சாதான் முழுசா பிடிபடும்.

ஓப்ரையன் அமெரிக்காவுல மின்னசோட்டாக்காரர். 1968ல டிகிரி முடிச்ச கையோட ராணுவத்துல சேரச் சொல்லி நோட்டீஸ் வருது, அந்தப் போரே தப்புன்னு நினைச்சவரு, ஆனாலும் போனாரு. 1969-70ல வியட்நாம்ல குவாங் ஙாய் மாகாணத்துல காலாட்படைல இருந்தாரு. அமெரிக்க சிப்பாய்ங்க ஊர் மக்களைக் கொன்ன மை லாய் படுகொலை நடந்த அதே மாகாணம், செஞ்சதும் இவர் இருந்த அதே டிவிஷன்தான், இவர் போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி.

முதல் கதை ஒரு லிஸ்ட் மாதிரி போகும். ஹெல்மெட் 5 பவுண்டு, எம்-60 மெஷின் கன் 23 பவுண்டு, ரேடியோ 26 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 12 கிலோவை முதுகுல கட்டிக்கிட்டு சேத்துல நடக்கணும். அதே குரல்ல, அதே லிஸ்ட்லயே லெப்டினன்ட் கிராஸுக்கு அவர் காதலிச்ச மார்த்தா எழுதின லெட்டர், கயோவாங்கற சிப்பாய் வச்சிருந்த புதிய ஏற்பாடு, பயத்தை அடக்க லேவண்டர்ங்கற சிப்பாய் போட்டுக்கிட்ட மாத்திரை எல்லாம் வந்துகிட்டே இருக்கும். இப்படி பவுண்டு பவுண்டா எண்ண வச்சிட்டு, அப்புறம் மெதுவா சொல்றாரு, இவனுங்க எல்லாரும் சுமந்ததுலயே பெரிய சுமை கோழைன்னு பேர் வாங்கிடுவோமோங்கற பயம்தான்னு. கொன்னதும் செத்ததும் அந்த வெட்கத்துக்காகத்தான். இதை முதல்லயே சொல்லியிருந்தா வெறும் தத்துவமா போயிருக்கும், இத்தனை எடையைத் தூக்க வச்சப்புறம் சொல்றதால ஒடம்புல ஏறுது.

எனக்கு இந்த புக்கோட உயிர் "ஆன் தி ரெய்னி ரிவர்" கதைலதான் இருக்கு. 21 வயசுப் பையன், பன்னி வெட்டுற ஃபேக்டரில ரத்தக்கட்டியைத் தண்ணி பீய்ச்சி எடுக்குற வேலை, குளிச்சாலும் அந்த நாத்தம் போகாது. நோட்டீஸ் வந்ததும் ஒரு நாள் கார் எடுத்துக்கிட்டு கனடா பார்டருக்குப் போயிடுறான், அங்க ஆத்தங்கரைல ஒரு பழைய லாட்ஜ், 81 வயசுப் பெரியவர் நடத்துறாரு, ஆறு நாள் ஒண்ணுமே கேக்காம சாப்பாடு போட்டு வச்சிருக்காரு. கடைசில மீன் பிடிக்கப் போலாம்னு போட்ல கூட்டிட்டுப் போயி கனடா கரைக்குப் பக்கத்துலயே நிறுத்திட்டு, தூண்டிலைப் பாத்துக்கிட்டே உக்காந்துடுறாரு. குதிச்சா தப்பிச்சான். குதிக்க முடியல. ஊர்ல உள்ள அத்தனை பேரும் கரைல நின்னு தன்னைப் பாத்து கத்துற மாதிரி தெரியுது, அழறான், திரும்பி வந்து போருக்குப் போறான். நாலு பேர் என்ன சொல்வாங்கங்கற ஒரே காரணத்துக்காக நாமளும் எத்தனையோ விஷயத்துக்குத் தலையாட்டியிருக்கோம், ஆனா அதுக்காக ஒருத்தன் துப்பாக்கி எடுக்குறதை இவ்ளோ பக்கத்துல வச்சு யாரும் எனக்குக் காட்டினதில்ல.

இதுல ஒரு விஷயம், அந்த ஆத்துப் பயணமே கற்பனைதான்னு ஓப்ரையனே பின்னாடி சொல்லியிருக்காரு. கதை சொல்றவனுக்கும் டிம் ஓப்ரையன்னே பேரு, அவனுக்கு ஒரு பொண்ணு, அதுவும் கற்பனை. சிலர் இதை ஏமாத்து வேலைன்னு கோவப்படுறாங்க, எனக்கு அப்படித் தோணல. நடந்ததை மட்டும் எழுதியிருந்தா, மனசே இல்லாம போயிட்டேன்னு ஒரு வரில முடிஞ்சிருக்கும், அந்தக் கோடை முழுக்க உள்ள என்ன ஓடுச்சுங்கறதை நமக்குக் காட்ட அவருக்கு ஒரு ஆறும் படகும் தேவைப்பட்டிருக்கு.

"ஸ்பீக்கிங் ஆஃப் கரேஜ்" படிச்சா அடுத்து வர்ற "நோட்ஸ்"ஐயும் அதே கையோட படிச்சிடுங்க. போர்ல இருந்து வந்த நார்மன் போக்கர் ஜூலை 4 அன்னிக்கு ஊர் ஏரியைச் சுத்தி காரை ஓட்டிக்கிட்டே இருக்கான், 12 ரவுண்டு. சேத்துல முங்கிட்டிருந்த கயோவாவைப் பிடிச்சு இழுத்தவன் நாத்தம் தாங்காம விட்டுட்டான், அதைச் சொல்ல ஒரு காது கிடைக்கல. "நோட்ஸ்"ல அவனுக்கு என்ன ஆச்சுங்கறதும், கையை விட்டது உண்மைல யாருங்கறதும் வருது, அதை நான் இங்க உடைக்கல.

குறைன்னா, வியட்நாம் மக்களுக்கு இதுல வாயே இல்ல. "தி மேன் ஐ கில்டு"ல செத்துக் கிடக்குற இளைஞனுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைக்குது, ஆனா அதுவும் கொன்னவன் தலைக்குள்ள ஓடுற வாழ்க்கைதான். பாதிக்குமேல வியட்நாம்லயே சுத்துற புக்குக்கு இது சின்னக் குறை இல்ல. ஒரு சிப்பாய் தன் காதலி மேரி ஆனைப் போர்க்களத்துக்கே வரவழைக்குற கதை கொஞ்சம் இழுவை.

இங்கிலீஷ் ஈஸி, சின்னச் சின்ன வாக்கியம், ராணுவ வார்த்தை போகப் போக பழகிடும். நடிகர் ப்ரையன் க்ரான்ஸ்டன் வாசிச்ச ஆடியோ புக்கும் இருக்கு. "ஹௌ டு டெல் எ ட்ரூ வார் ஸ்டோரி"ல ஒரு எருமைக்கன்னுக்குட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா சுடுற இடம் இருக்கு, அந்த மாதிரி தாங்காதவங்க அந்த ரெண்டு பக்கத்தைத் தாண்டிப் போங்க, கதைய விட்டுடாதீங்க.