கேஸ் செக்: அலுமினியமா, செம்பா?

அமெரிக்காவில் துப்பாக்கிக்கான ஈயக் குண்டை வீட்டிலேயே வார்ப்பவர்கள் பலர், வெடிமருந்து வாயு கசியாமல் தடுக்க அதன் அடியில் மாட்டும் கேஸ் செக் என்ற சிறு உலோகக் கிண்ணத்தையும் தாங்களே அச்சில் வெட்டுகிறார்கள்.

கூரை வேலைக்கான அலுமினியச் சுருள் மலிவு, வெட்டவும் எளிது. தகட்டின் கனத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். குண்டின் அடித்தண்டு (செக் மாட்டும் ஒடுங்கிய அடிப்பகுதி) 0.285 அங்குல விட்டம் என்றால், 0.012 அங்குலத் தகடு இருபுறமும் சேர்ந்து 0.309 ஆகும், 0.308 அங்குலத் துப்பாக்கிக் குழலுக்கு இறுக்கமாகப் பொருந்தும். 0.010 தகட்டில் 0.305தான் வரும். செக் தளர்ந்து, வாயு கசிந்து, ஈயம் குழலில் அப்பிக்கொள்ளும். குளிர்பானக் கேன் அதைவிட மெல்லியது, ஒற்றைத் தகடாக உதவவே உதவாது. இன்னொன்று, அலுமினியம் மடித்தபின் சற்றே விரியும், பிடிப்பு குறையும்.

செம்பு விலை கூடுதல். ஆனால் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டால் இளகிவிடும், அடித்தண்டை இறுகப் பற்றும். வேகமான ரைபிள் தோட்டாவுக்குச் செம்பையே எடுங்கள்.