லண்டன் முந்தியது, வாஷிங்டன் மறுத்தது: சீனா விஷயத்தில் யார் செய்தது சரி?

நான் லண்டன் பக்கம். 1949 அக்டோபர் 1-ல் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ பெய்ஜிங்கில் புதிய அரசை அறிவித்தார், 1950 ஜனவரி 6-ல் பிரிட்டன் அங்கீகரித்தது. அமெரிக்கா 1979 ஜனவரி 1 வரை மாவோவிடம் தோற்று தைவானுக்குப் போய் தைபேயில் இருந்த அரசுதான் சீனா என்று நின்றது. பிரிட்டனுக்கு ஹாங்காங், வியாபாரம், அமெரிக்காவுக்குக் கம்யூனிச எதிர்ப்பு என்ற காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை, அதில் நேரம் போக்க வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: பெய்ஜிங்கில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க உங்கள் ஆள் இருக்கிறாரா? 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை அழைத்து, அமெரிக்கப் படை கொரியாவில் வடக்கையும் தெற்கையும் பிரித்த 38-வது அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்றார். அமெரிக்காவிடம் நேரே சொல்ல அங்கே யாரும் இல்லை. செய்தி சுற்றிக்கொண்டு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது, பணிக்கர் சீனா பக்கம் சாய்ந்தவர்தானே என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் அதை நம்பவில்லை. அக்டோபர் 19-ல் சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் புகுந்தது.

தூதரகம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நேரில் கேட்டாலும் தட்டிக்கழித்திருக்கலாம். ஆனால் சொன்னவர் மேல் பழி போட வழி இருந்திருக்காது. அப்புறம் அதே அமெரிக்காதான் 1955-ல் ஜெனீவாவிலும் 1958 முதல் வார்சாவிலும் தன் தூதரை அனுப்பி, அங்கீகரிக்காத அந்த அரசோடு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை உட்கார்ந்து பேசியது.

சரி, லண்டன் வழியில் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. அங்கீகரித்துவிட்டு தைவானின் டாம்சுயியில் தன் துணைத் தூதரகத்தை மூடாமல் வைத்திருந்தது, ஐ.நா.வில் சீனாவின் இருக்கை பெய்ஜிங்குக்கா தைபேக்கா என்ற பிரச்சினையைத் தள்ளிப்போட 1950-களில் வருடாவருடம் அமெரிக்காவோடு சேர்ந்து வாக்களித்தது. பெய்ஜிங் அதைச் சும்மா விடவில்லை. தூதர் அளவிலான உறவு 1972 மார்ச்சில்தான் வந்தது, அதற்குள் 1967 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகத்தை மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கொளுத்தியும் விட்டார்கள். ஸ்வீடனும் 1950 ஜனவரியில்தான் அங்கீகரித்தது, இந்தச் சுமை எதுவும் அதற்கு இல்லாததால் மே மாதமே முழு உறவு கிடைத்துவிட்டது. பிரிட்டனும் டாம்சுயியை அப்போதே மூடியிருக்க வேண்டும்.