அகில் மரத்துக்குத் துளையா, சொட்டா?

செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் அகில் (அகர்) நட்டவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டியது: நோயில்லாத மரத்தின் கட்டை வெளுப்பாக, வாசனையின்றி இருக்கும். காயமும் பூஞ்சையும் சேரும்போது, உயிருள்ள திசுக்கள் தற்காப்புக்குச் சுரப்பதே வாசனையும் விலையும் தரும் பிசின். பூஞ்சை மரத்துக்குள் போகும் வழியில்தான் துளை, சொட்டு என்ற இரண்டு முறைகளும் வேறுபடுகின்றன.

துளை முறையில் தண்டைச் சுற்றிச் சுருள் வரிசையில், ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளியில், விட்டத்தில் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்குத் துளையிட்டு, பியூசேரியம் போன்ற பூஞ்சை வளர்த்த மரத்தூளை அடைப்பார்கள். ஒரே நேர்கோட்டில் துளையிட்டால் தென்மேற்குக் காற்றில் மரம் அங்கேயே முறியும். மழையில் துளையிட்டால் நீர் தேங்கி அழுகும். அழுகலும் கறுப்புதான், பிசின் என்று ஏமாறக்கூடாது. சீவலைச் சூடாக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். பிசின் துளையைச் சுற்றி மட்டுமே படியும், கூலியும் அதிகம்.

சொட்டு முறைக்கு அடித்தண்டில் இரண்டு மூன்று துளை போதும். குளுக்கோஸ் ஏற்றுவதுபோல் பையிலிருந்து பூஞ்சைத் திரவம் இறங்கும். இலைகள் நீரை ஆவியாக்கும் இழுவையில் அது மேலேறும். எனவே வெயிலுள்ள காலைதான் நேரம். இலைப்புழு மொட்டையடித்த மரத்தில் பை அப்படியே நிற்கும். அளவு கூடினால் இலை மஞ்சளித்து உதிர்ந்து, நுனியிலிருந்து காயும்.

பருத்த மரத்துக்குச் சொட்டு. மெலிந்ததற்கு இரண்டும் வேண்டாம், பருக்கட்டும். புதுத் திரவமென்றால் முதலில் இரண்டு மரத்தில் மட்டும் ஏற்றி, ஓராண்டு கழித்துச் சீவிப் பாருங்கள்.