ஃபேமிலி லிங்க் ஆப்: டைமை நல்லா பாத்துக்குது, கேமுக்குள்ள எட்டிப் பாக்காது

வீட்ல ஆறாவது ஏழாவது படிக்கிற பசங்க இருந்து, அவங்க கையில ஆண்ட்ராய்டு போனும் இருந்தா, யாராவது ஒருத்தர் இந்த ஆப் பத்தி உங்ககிட்ட கண்டிப்பா சொல்லிருப்பாங்க. கூகுளோடது, ஃப்ரீ. உங்க போன்ல ஆப் போட்டுக்கணும், புள்ளைக்கு தனி கூகுள் அக்கவுண்ட் வேணும், அவ்ளோதான். தினம் எவ்ளோ நேரம், ராத்திரி எத்தனை மணிக்கு மூடணும், எந்த கேமுக்கு எவ்ளோன்னு எல்லாம் உக்காந்த இடத்துலயே செட் பண்ணலாம். போன் லாக் ஆனாலும் வர்ற காலை எடுத்து பேச முடியும், அதனால டியூஷன் போன புள்ளைய கூப்பிட்டா எடுக்காதேங்கிற பயம் வேண்டாம்.

ஆனா நிறைய வீட்ல புள்ளைக்குன்னு தனி போனே கிடையாது, அம்மா போன்லதான் ஆட்டம். அங்க இது வேலைக்கு ஆகாது, ஏன்னா லிமிட் எல்லாம் புள்ளையோட அக்கவுண்டுக்குத்தான், அம்மா அக்கவுண்ட்ல ஓடுற கேம் இதோட கணக்குலயே வராது.

இப்ப முக்கியமான மேட்டருக்கு வரேன். நாம ஒரு மணி நேரம்னு லிமிட் போடுறோம், ஆனா பசங்களுக்கு மணி கணக்கே கிடையாது, மேட்ச் கணக்குதான். பிஜிஎம்ஐன்னு ஒரு துப்பாக்கி சண்டை கேம், கடைசியா உயிரோட நிக்கிறவங்கதான் ஜெயிப்பாங்க; அதுல பெரிய மேப்ல கடைசி வரைக்கும் நின்னா ஒரு மேட்ச் அரை மணி நேரம் கிட்ட போயிடும், அதே மாதிரி கேமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்ல 50 பேர்தான், பத்து பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். ரெண்டுமே ஆன்லைன், நடுவுல நிறுத்தி வச்சுட்டு நாளைக்கு வந்து ஆட முடியாது. கடைசி பத்து பேர்ல நிக்கும்போது போன் லாக் ஆயிடுச்சுன்னா, அவன்கூட டீம்ல ஆடுற மூணு பேரும் அவனைத்தான் திட்டுவாங்க, அந்த கோவம் அப்படியே நம்ம மேல திரும்பும், அதைப் பாத்துட்டு "கேம் ஆடி ஆடி புள்ளைக்கு கோவம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு நாம பக்கத்து வீட்ல புலம்புவோம். லாக் ஆகுறதுக்கு முன்னாடி வார்னிங் வரும்தான், ஆனா மேட்ச் நடுவுல அதை எவன் பாக்கப் போறான். எங்க வீட்ல ரெண்டு மேட்ச்னு பேசி வச்சு அதுக்கு ஏத்த மாதிரி டைம் போட்டோம், மேட்ச் இழுத்துச்சுன்னா போனஸ் டைம் பட்டன்ல கொஞ்சம் கூட்டி விடுவேன், அதுக்கப்புறம் சண்டை பாதி குறைஞ்சது. மைன்கிராஃப்ட்ல தனியா ஆடுற பசங்கன்னா இந்த தலைவலியே இல்ல, அது தானாவே சேவ் ஆயிடும்.

காசு விஷயத்துல மட்டும் இதையே முழுசா நம்பிறாதீங்க. பிளே ஸ்டோர் வழியா வாங்குனாத்தான் உங்ககிட்ட அப்ரூவல் கேக்கும். டைமண்ட், யூசின்னு இந்த கேம்களுக்குள்ள செலவு பண்ற காசை வெளி சைட்ல யுபிஐ போட்டு வாங்குனா ஆப்புக்கு அது தெரியவே தெரியாது, அதனால பின் நம்பர் புள்ளைக்குத் தெரியும்னா முதல்ல அதை மாத்துங்க.

அதே மாதிரி எந்த கேம் எவ்ளோ நேரம்னு சொல்லுமே தவிர, உள்ள மைக்ல யார் பேசுறாங்க, என்ன பேசுறாங்கன்னு சொல்லாது. அதுக்கு நாமதான் பக்கத்துல உக்காரணும். ஹெட்செட்ட வாங்கி வச்சுட்டு ஸ்பீக்கர்ல ஆடச் சொன்னேன், யார் யாரெல்லாம் ஸ்க்வாட்னு, அதாவது கூட ஆடுற டீம்னு, சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. ரோப்ளாக்ஸ் ஆடுற புள்ளைங்கன்னா அந்த கேமுக்குள்ளயே பேரண்ட் அக்கவுண்ட் இணைக்கலாம், சாட்டையும் செலவையும் அங்க தனியா கட்டுப்படுத்தலாம், அதையும் சேத்து போட்டுருங்க.

10க்கு 7 கொடுப்பேன். இன்னொன்னு, ஒருதடவை அப்ரூவ் பண்ண கேமை அழிச்சுட்டு திரும்ப இறக்குனா மறுபடி உங்ககிட்ட கேக்காது, அதனால வேண்டாம்னு முடிவு பண்ண கேமை வெறுமனே அன்இன்ஸ்டால் பண்ணாம உங்க போன்ல போய் பிளாக்கே பண்ணிடுங்க.