லேபிள் வேலைக்கு வாட் த ஃபான்ட்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

"இதே எழுத்துல வேணுமுங்க" என்ற ஒற்றை வரியோடு வாட்ஸ்அப்பில் லேபிள் போட்டோ வந்து விழும். திருப்பூரில் துணி லேபிளுக்கு ஆர்ட்வொர்க் போடுகிறவர்களுக்கு இது அன்றாடப் பாடு. இதற்கு முதலில் திறக்க வேண்டியது மைஃபான்ட்ஸ் தளத்தின் வாட் த ஃபான்ட். படத்தில் இருப்பது எந்த ஃபான்ட் (எழுத்துரு) என்று தேடித் தரும் கருவி இது. காசில்லை. படத்தை ஏற்றி, எழுத்தைச் சுற்றிக் கட்டம் போட்டால் ஒத்த ஃபான்ட்களை வரிசையாகக் காட்டும்.

கொடுக்கிற படம் சரியில்லை என்றால் விடையும் சரியிராது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோவில் எழுத்தின் ஓரம் மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோணலாக இருந்தால் போட்டோஷாப்பின் பெர்ஸ்பெக்டிவ் கிராப்பில் நேராக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, எழுத்து 100 பிக்சல் உயரமாவது இருக்கும்படி ஒரே ஒரு வரியை வெட்டிக் கொடுங்கள். நிற்கும் கோடு மட்டும் படுத்த கோட்டைவிட மெலிந்து தெரிந்தால், யாரோ எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அகலத்தைக் கொஞ்சம் விரித்துவிட்டுத் தேடிப் பாருங்கள்.

நெய்த லேபிள்தான் பெரிய தலைவலி. நூலில் ஏறும்போது வளைவு படிப்படியாக உடையும், செரிஃப் (எழுத்தின் முனையில் நீட்டும் சின்னக் கோடு) காணாமல் போகும், சின்ன எழுத்தின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். அந்தப் படத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அதே பிராண்டின் ஹேங் டேகையோ (துணியில் தொங்கும் அட்டை) பாலிபேகையோ (துணி வரும் பிளாஸ்டிக் பை) கேட்டு வாங்குங்கள். அச்சில் ஓரம் சுத்தமாக இருக்கும்.

பட்டியலில் முதலில் வந்ததையே விடை என்று எடுத்து பயருக்கு (சரக்கு வாங்குகிறவருக்கு) அனுப்பிவிடாதீர்கள். 1957இல் வந்த ஹெல்வெடிகாவையும் 1982இன் ஏரியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். தூரப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஹெல்வெடிகாவின் பெரிய 'ஆர்' எழுத்தின் கால் வளைந்து நேராகக் கீழே இறங்கும். ஏரியலில் சாய்ந்து நீளும். சின்ன 'டி'யின் (t) தலை ஹெல்வெடிகாவில் மட்டமாகவும் ஏரியலில் சரிவாகவும் வெட்டியிருக்கும். இந்த இரண்டு எழுத்தையும் 400 சதவீதம் பெரிதாக்கி, லேபிள் படத்தின் மேலே வைத்து ஒப்பிட்ட பிறகே பெயர் சொல்லலாம்.

எழுத்துகள் ஒட்டியோ உடைந்தோ இருந்தால் ஃபான்ட் ஸ்குவிரல் தளத்தில் இதே வேலைக்கு இருக்கும் மேட்சரேட்டர் தேவலை. துண்டுகளைச் சேர்த்து, இது இன்ன எழுத்து என்று நாமே சொல்லிக் கொடுக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு வாட் த ஃபான்ட் உதவாது. ஈரோட்டு மஞ்சள் மண்டிப் பலகையைக் கொடுத்தாலும் ஆங்கில ஃபான்ட்களைத்தான் காட்டும். இது உண்மையிலேயே வருத்தமான குறை. இங்கே நம் கண்ணே துணை. கூகுள் ஃபான்ட்ஸில் தமிழ் மொழியைத் தேர்ந்து, பலகையில் உள்ள அதே சொல்லை அடியுங்கள். பவனம், ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரன் எல்லாம் ஒரே பக்கத்தில் அந்தச் சொல்லோடு நிற்கும். ணகரத்தின் சுழிகள், ழகரத்தின் கீழ்வளைவு, புள்ளி வட்டமா சதுரமா என்ற மூன்றைப் பார்த்தாலே பாதி கழிந்துவிடும். 'லை', 'னை' முன்னால் யானைத் துதிக்கை போன்ற வளைவோடு இருந்தால் அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். இன்றைய ஃபான்ட்களில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃப்ளெக்ஸ் கடை எழுத்து பெரும்பாலும் பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துக் குறியீட்டு முறை) இருக்கும். பெயர் தெரிந்து ஃபான்ட்டை ஏற்றினாலும் யூனிகோடில் அடித்தால் அந்த வடிவம் வராது.

இத்தனைக்கும் முன்னால் பழைய பிடிஎஃப் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அக்ரோபேட்டில் கன்ட்ரோல் டி (Ctrl+D) அழுத்தி ஃபான்ட்ஸ் பகுதியைத் திறந்தால் பெயரே அங்கே இருக்கும். காலியாக இருந்தால் எழுத்தைக் கர்வ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிட்டார்கள், அல்லது அது வெறும் ஸ்கேன் படம். அப்போது அந்தப் பக்கத்தையே பெரிதாக்கிப் படமாக எடுத்து வாட் த ஃபான்ட்டில் கொடுங்கள். போட்டோவைவிட அது எவ்வளவோ மேல்.